பயிற்சியாளர் (பொ)

அரசு அலுவலகத்துக்கு ஏதாவது காரியமாகப் போனவர்கள் இந்த அடைப்புக்குறியைப் பார்த்திருப்பீர்கள். பெயர்ப்பலகையில் பதவியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், பக்கத்தில் (பொ) என்று பொடியாகப் போட்டிருப்பார்கள். பொறுப்பு என்று அர்த்தம். அதாவது அந்த நாற்காலி அதில் உட்கார்ந்திருப்பவருடையது இல்லை. நாற்காலிக்குரியவர் மாற்றலாகியிருப்பார், ஓய்வு பெற்றிருப்பார், அல்லது புதிதாக ஒருவரைப் போட மேலே யாருக்கும் மனசு வந்திருக்காது. வேலை முழுவதையும் (பொ) பார்க்க வேண்டும். தப்பு நடந்தால் மெமோ அவருக்கு. பதவி மட்டும் அவருக்கு இல்லை. நானும் ஒரு அலுவலகத்தில் பதினான்கு மாதம் கண்காணிப்பாளர் (பொ) ஆகக் குப்பை கொட்டியவன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். கூடுதல் பொறுப்புக்கான படி கேட்டு நான் எழுதிய மனு, நான் ஓய்வு பெற்ற நாளில் 'பரிசீலனையில்' இருந்தது. இன்னும் அங்கேயே இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் கதை இருக்கட்டும். நம் நாட்டில் கால்பந்து ஆடி ஓய்வு பெற்று, பிறகு பயிற்சியாளர் ஆனவர்களுக்கு இந்த (பொ) நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று நாலு வார்த்தை சூடாக எழுதப் போகிறேன்.

முதலில் சையத் சாபிர் பாஷா. சென்னைக்காரர். இந்திய அணியின் முன்கள ஆட்டக்காரர். 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கே நேரு ஸ்டேடியத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? ஊருக்கு அப்போது மெட்ராஸ் என்றுதான் பெயர். இறுதி ஆட்டத்தில் பங்களாதேஷை 1-0 என்று ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியது. அந்த அணியில் இருந்தவர் பாஷா. இந்தியன் வங்கிக்கு ஆடியவர். அந்த வங்கி அணி தேசிய கால்பந்து லீக் வரைக்கும் போய் ஆடிய அணி என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வங்கிக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். அன்றைக்கு இருந்தது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று வேலை கொடுத்து ஆட வைத்த இடங்கள்தான் இந்த ஊர்க் கால்பந்துக்குச் சோறு போட்டன.

ஆடி முடித்த பாஷா பயிற்சியாளர் ஆனார். சென்னையின் எஃப்.சி. அணியில் வருஷக்கணக்காகத் துணைப் பயிற்சியாளராக இருந்தார். அந்தக் காலத்தில் தலைமைப் பயிற்சியாளர்களாக வந்து போனவர்களை எண்ணுங்கள். இங்கிலாந்திலிருந்து ஜான் கிரகரி. 2019 கடைசியில் அவர் போனதும் ஓவன் காய்ல். அடுத்து சாபா லாஸ்லோ. அதற்கடுத்து போஸிதார் பாந்தோவிச். 2022 பிப்ரவரியில், கோவா அணியிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்ற பிறகு, பாந்தோவிச்சையும் அனுப்பிவிட்டார்கள். சீசன் முடியச் சில ஆட்டங்களே பாக்கி. அணி மனசொடிந்து கிடந்த அந்த நேரத்தில் நிர்வாகத்துக்கு யார் நினைவு வந்தது? பாஷாவை இடைக்காலப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். சுத்தமான (பொ). சீசன் முடிந்தது, ஜெர்மனியிலிருந்து தாமஸ் பிரதாரிச் வந்தார். அவருக்குப் பின் மறுபடியும் ஓவன் காய்ல்.

வீடு பற்றி எரியும்போது மட்டும் வாளியை நீட்டுகிறார்கள். தீயை அணைத்துவிட்டால், கட்டடம் கட்டும் வேலை வேறு ஆளுக்கு.

பாஷாவை எனக்கு நேரில் தெரியாது. அவர் எங்கேயும் புலம்பியதாகவும் நான் படிக்கவில்லை. புலம்புவது நான். எங்கள் நங்கநல்லூரில் 32 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கிறாரே ஆஞ்சநேயர், அவரும் ஒரு துணைப் பயிற்சியாளர்தான் என்று வையுங்கள். பட்டாபிஷேகம் தனக்கு வேண்டாம் என்று அவராகவே இருந்தார். அது பக்தி. சம்பளத்துக்கு வேலை செய்யும் மனிதனிடம் அந்தப் பக்தியை நிர்வாகம் எதிர்பார்க்கக் கூடாது.

'அனுபவம் வேண்டாமா சார்?' என்று ஒரு கேள்வி வரும். காலை நடையில் என்னோடு வரும் நண்பர் ஒருவர் இதைத் தவறாமல் கேட்பார். அவருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2014-ல் இதே சென்னை அணி தன் முதல் பயிற்சியாளராக யாரை நியமித்தது? மார்க்கோ மாதெராஸி. ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. பயிற்சியாளராக அதுவே அவருக்கு முதல் வேலை. முன் அனுபவம் பூஜ்யம். 2006 ஜூலை 9-ல் பெர்லினில் ஜிதான் தலையால் முட்டிச் சாய்த்தாரே, அதே மாதெராஸி. (பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை. மாதெராஸி என்ன சொல்லி ஜிதானைச் சீண்டினார் என்பதை வைத்து என் அண்ணனோடு ஒரு மாதம் சண்டை போட்டேன். அது வேறு கதை.) அந்த மனிதரை நம்பி இந்த ஊர் அணியை ஒப்படைத்தார்கள். 2015-ல் அவர் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். நல்ல விஷயம்தான், நானும் கை தட்டினேன். ஆனால் அனுபவமே இல்லாத இத்தாலியரை நம்பலாம், இருபது வருஷம் இந்த ஊர் மைதானத்தில் வெயில் காய்ந்தவரை நம்ப முடியாது என்றால், அதற்குப் பெயர் அனுபவமா? பாஸ்போர்ட் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே.

வெளிநாட்டுப் பயிற்சியாளர்களே கூடாது என்பது என் கட்சி இல்லை. கிரகரி 2018 மார்ச்சில் பெங்களூரு போய், பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று ஜெயித்தபோது நானும் துள்ளியவன்தான். தெரிந்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அவனிடம் கற்றுக்கொள்ள வேண்டும். நான் கேட்பது வேறு. நம்மவனுக்கு எத்தனை வருஷம் கொடுத்தீர்கள்? எத்தனை தோல்வியைப் பொறுத்தீர்கள்? கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள்.

நம்மவனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே பழைய சாட்சி இருக்கிறது. அதற்கு 1960-க்குப் போக வேண்டும்.

அப்போது எனக்குப் பத்து வயசு, புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது. அந்த இடைப்பட்ட எட்டு வருஷம் நாங்கள் எல்லாரும் இந்தியர்கள் (பொ) என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தச் சமயத்தில்தான் ரோம் ஒலிம்பிக்ஸ் வந்தது. இந்தியாவும் பிரான்ஸும் ஒரே பிரிவில். ஆகஸ்ட் கடைசியில் நடந்த ஆட்டத்தில் நம்முடைய பி.கே.பானர்ஜி முதலில் கோல் போட்டார், பிறகு பிரான்ஸ் சமன் செய்தது. 1-1. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு யாருக்காகச் சந்தோஷப்படுவது என்றே தெரியவில்லை. எங்கள் வாத்தியார் ஒருவர், 'அது அமெச்சூர் அணிடா, நிஜமான பிரான்ஸ் இல்லை' என்று சமாதானம் சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். 1958 உலகக் கோப்பையில் பதிமூன்று கோல் போட்ட ஃபோந்தேன் எல்லாம் ஒலிம்பிக்ஸுக்கு வரவில்லை. ஆனால் நம் அணியும் அமெச்சூர்தானே? ரயில்வேயிலும் பட்டாளத்திலும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியவர்கள்தானே?

அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியார். ஆட்டக்காரராக இந்தியாவுக்கு ஆடிப் பேர் வாங்கியவர் இல்லை. 1951-லும் 1962-லும் ஆசியப் போட்டியில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம், எல்லாம் அவர் காலத்தில். 1950-லிருந்து 1963-ல் புற்றுநோயில் சாகிற வரைக்கும் இந்திய அணி அவர் கையில் இருந்தது. பதிமூன்று வருஷம்! இன்றைக்குப் பதிமூன்று மாதம் கொடுப்பார்களா? சமீபத்தில் 'மைதான்' என்று இந்தியில் படம் எடுத்தார்கள், அஜய் தேவ்கன் நடித்தது. எடுத்ததில் சந்தோஷம். அறுபது வருஷம் கழித்தாவது ஞாபகம் வந்ததே.

ரோமுக்குப் போன அந்த அணியில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். சைமன் சுந்தரராஜ். இந்தப் பெயரைப் படித்ததும் 'யார் அது?' என்று நீங்கள் கேட்டிருந்தால், நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய காரணம் அதுதான். கேரளத்தில் போய் விஷயம் தெரிந்த ஒரு பெரியவரிடம் கேளுங்கள், சட்டென்று சொல்வார். 1973 டிசம்பர் 27, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானம், சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம். கேரளம் ரயில்வேயை 3-2 என்று ஜெயித்து முதன்முதலாக அந்தக் கோப்பையை வாங்கியது. கேப்டன் மணி மூன்று கோலையும் தானே போட்டார். அந்தக் கேரள அணிக்குப் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ்.

இப்போது வயிறு எரிகிற பகுதி. கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபி வாங்கிக் கொடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர். தமிழ்நாடு இன்று வரைக்கும் எத்தனை முறை சந்தோஷ் டிராபி வாங்கியிருக்கிறது? ஒரு முறைகூட இல்லை. 2012-ல் இறுதி வரைக்கும் போய் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றோம். அவ்வளவுதான். அன்றைக்குக் கேரளம், 'நம்மூரில் ஆளே இல்லையா, தமிழன் எதற்கு' என்று கேட்கவில்லை. ஒலிம்பிக்ஸ் பார்த்த ஆள், ரஹீமிடம் படித்த ஆள், கூப்பிடு என்றது. கூப்பிட்டது, பிடித்துக்கொண்டது.

அதோடு கதை முடியவில்லை. அந்த 1973 அணியின் துணைக் கேப்டன் டி.ஏ.ஜாஃபர். அவர் ஆடி ஓய்ந்து, தானும் பயிற்சியாளர் ஆனார். 1992-லும் 1993-லும் கேரளம் அடுத்தடுத்து சந்தோஷ் டிராபி ஜெயித்தபோது பயிற்சியாளர் ஜாஃபர்தான். ரஹீமிடமிருந்து சைமன், சைமனிடமிருந்து ஜாஃபர், ஜாஃபரிடமிருந்து தொண்ணூறுகளின் கேரளப் பையன்கள். சங்கீதத்தில் இதைப் பாடாந்தரம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவோம். மார்கழியில் மயிலாப்பூர் சபா ஒன்றில் உட்கார்ந்து, இந்தப் பாட்டு இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்று அரை மணி நேரம் பேசுவார்கள். காலால் உதைக்கிற வித்தைக்கும் பாடாந்தரம் உண்டு என்பது மட்டும் நமக்கு உறைக்காது. ஒரு தலைமுறைப் பயிற்சியாளருக்கு வேலை இல்லாமல் செய்தால், அந்த வித்தை அவரோடு சுடுகாட்டுக்குப் போய்விடும்.

பிரெஞ்சில் பயிற்சியாளரை 'ஆந்த்ரெனேர்' என்பார்கள். இழுத்துக்கொண்டு போகிறவன் என்று வேர்ச்சொல். நம் ஊர் டிரில் மாஸ்டர் மாதிரி விசில் ஊதி ஓட விட்டு நிழலில் நிற்கிறவன் இல்லை, தானும் கூட ஓடி இழுத்துக்கொண்டு போகிறவன். (பொ) என்பதற்கும் அவர்களிடம் ஒரு சொல் உண்டு, 'பார் ஆந்தெரிம்'. பிரான்ஸின் புண்ணியத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு கதையும் உண்டு.

1993 நவம்பரில் பல்கேரியாவிடம் கடைசி நிமிஷக் கோலில் தோற்று, பிரான்ஸ் 1994 உலகக் கோப்பைக்கே போக முடியாமல் போனது. பயிற்சியாளர் ஹூலியே ராஜினாமா செய்தார். அவருக்குத் துணையாக இருந்த எமே ழாக்கேயைத் தற்காலிகமாகப் போட்டார்கள். ஆம், பார் ஆந்தெரிம். ழாக்கே யார்? சின்ன வயசில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், சேந்த்-எத்தியேன் அணியின் நடுக்கள ஆட்டக்காரர். நாட்டுக்காக ஆடியது இரண்டே ஆட்டம். பயிற்சியாளராக போர்தோ அணிக்கு மூன்று லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். ஆரம்ப ஆட்டங்கள் நன்றாகப் போனதால் அவரை நிரந்தரம் ஆக்கினார்கள். அதற்கப்புறம் 'லெகிப்' பத்திரிகை அவரைக் கிழி கிழி என்று கிழித்தது. பட்டிக்காட்டான், பழைய காலத்து ஆள், இவருக்கு ஒன்றும் தெரியாது என்கிற தோரணையில் எழுதித் தள்ளியது. ஆனால் கூட்டமைப்பு அவரை மாற்றவில்லை. 1998 ஜூலை 12-ல் பிரேசிலை 3-0 என்று சாய்த்துக் கோப்பை வாங்கினார். பத்திரிகை ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். ழாக்கே மன்னிக்கவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

பழைய கதை என்கிறீர்களா? புதுசும் இருக்கிறது. 2018-ல் ரஷ்யாவில் அர்ஜென்டினா சொதப்பியபோது பயிற்சியாளர் சாம்போலியை அனுப்பிவிட்டு, அவரது உதவியாளர்களில் ஒருவரான லியோனெல் ஸ்கலோனியைத் தற்காலிகமாகப் போட்டார்கள். மரடோனாவே எகிறினார். பிறகு நிரந்தரம் ஆக்கினார்கள். 2021-ல் கோபா அமெரிக்கா, 2022-ல் உலகக் கோப்பை, 2024-ல் மறுபடியும் கோபா. மெஸ்ஸி கோப்பையைத் தூக்கிய அந்த இரவில் எங்கள் குடியிருப்பில் பட்டாசு வெடித்த பையன்களில் எத்தனை பேருக்கு, அந்த அணியின் பயிற்சியாளர் ஒரு (பொ) ஆக ஆரம்பித்தவர் என்று தெரியும்?

ஆக (பொ) என்று போடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஜெயித்த பிறகும் அந்த அடைப்புக்குறியை எடுக்காமல் இருக்கிறோமே, அங்கேதான் அநியாயம். இதற்கு உதாரணம் கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா. இந்தியாவுக்கு ஆடியவர். 2020-ல் எஃப்.சி. கோவா தன் ஸ்பானியப் பயிற்சியாளர் லொபேராவை நீக்கியது, மிராண்டா (பொ). அந்தப் பிப்ரவரியில் ஜாம்ஷெட்பூரை அவர்கள் மைதானத்திலேயே 5-0 என்று நொறுக்கி லீக் ஷீல்டை வாங்கினார்கள். சீசன் முடிந்ததும் இன்னொரு ஸ்பானியரைக் கூட்டி வந்தார்கள். 2023 ஏப்ரலில் ஒடிசா எஃப்.சி.க்கு மறுபடியும் மிராண்டா (பொ). சூப்பர் கப் இறுதியில் பெங்களூருவை 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொடுத்தார். கோப்பையைக் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? அடுத்த சீசனுக்கு அங்கே வந்தவர் அதே லொபேரா! இரண்டு இடத்தில், இரண்டு முறை. என் பதினான்கு மாதக் குறை இதன் முன்னால் கால் தூசி.

அவர்தான் 2025-ல் சென்னையின் எஃப்.சி.யின் தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருக்கிறார். அடைப்புக்குறி இல்லாமல். பதினோரு வருஷத்தில் இந்த ஊர் அணிக்கு வந்த முதல் நிரந்தர இந்தியப் பயிற்சியாளர். வரவேற்கிறேன். ஆனால் எந்த நேரத்தில் வந்தது இந்த ஞானோதயம் என்று பாருங்கள். லீக்கின் வியாபார ஒப்பந்தம் முடியப் போகிறது, சீசன் நடக்குமா நடக்காதா என்று யாருக்கும் தெரியவில்லை, கையில் காசு புழக்கம் இல்லை. அந்தச் சமயத்தில்தான் உள்ளூர்த் திறமை கண்ணுக்குத் தெரிந்தது. நான் சந்தேகப் பிராணி. முப்பத்து நாலு வருஷம் கோப்புகளோடு குடித்தனம் செய்தவனுக்கு இது தொழில் வியாதி.

இந்திய அணி விஷயமும் இதே ராகம்தான். 2019 மே முதல் 2024 ஜூன் வரை, ஐந்து வருஷம், குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச். நடுவில் சில கோப்பைகள் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2024 ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அதற்கப்புறமும் ஐந்து மாதம் பதவியில் இருந்தார். அவருக்குப் பின் மனோலோ மார்க்கெஸ். அவர் அதே சமயத்தில் எஃப்.சி. கோவாவுக்கும் பயிற்சியாளர்! ஒரு நாட்டின் அணியைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார் என்பது நான் என் உத்தியோக காலத்தில்கூடக் கேள்விப்படாத அதிசயம். எட்டு ஆட்டத்தில் ஒரு வெற்றி. பிறகு, 2025 ஆகஸ்டில், காலித் ஜமீல். பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு இந்திய அணிக்கு ஒரு இந்தியப் பயிற்சியாளர். இவரும் ஆடி ஓய்ந்தவர். ஐஸ்வால் என்கிற மலையூர் அணியை 2017-ல் ஐ-லீக் பட்டத்துக்குக் கொண்டு போனவர். நார்த்ஈஸ்ட் அணியில் (பொ) ஆகப் போட்டு, அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போய்க் காட்டிய பிறகு நிரந்தரம் ஆனவர். ஐ.எஸ்.எல். வரலாற்றில் அடைப்புக்குறி நீங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

வந்ததும் மத்திய ஆசியப் போட்டியில் ஓமானைப் பெனால்டியில் ஜெயித்து மூன்றாம் இடம். அப்புறம் அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவில் 1-2, நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷிடம் 0-1. ஆசியக் கோப்பை வாய்ப்புப் போய்விட்டது. உடனே ஆரம்பித்துவிட்டார்கள், 'பார்த்தீர்களா, இதற்குத்தான் வெளிநாட்டு ஆள் வேண்டும்' என்று. அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தத் தகுதிச் சுற்றில் ஒரு டிராவும் ஒரு தோல்வியும் கணக்கில் இருந்தன. முந்தைய அதிகாரி விட்டுப்போன நிலுவைக்கு வந்தவரைப் பதில் சொல்ல வைப்பது நம் அலுவலகப் பழக்கம். அது கால்பந்துக்கும் வந்துவிட்டது. ஸ்டிமாச்சுக்கு ஐந்து வருஷம் பொறுத்த வாய்கள் ஜமீலுக்கு ஐந்து மாதம் பொறுக்கவில்லை.

மேலே உள்ளவர்களாவது பேப்பரில் வருகிறார்கள். கீழே இறங்கினால் இன்னும் மோசம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம். சென்னை லீகில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முப்பத்து இரண்டு வயசில் முழங்கால் போனது. அன்றிலிருந்து அறுபது வயசு வரைக்கும் அவரை அந்த அலுவலகம் தபால் பிரிவில் உட்கார வைத்தது. ஆட வைப்பதற்காக எடுத்தார்கள், ஆட்டம் முடிந்ததும் கோந்து பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். அந்த அலுவலகத்துக்கு அணியும் இருந்தது, அணிக்குப் பயிற்சியாளர் என்று ஒரு பணியிடம்தான் இல்லை. விடியற்காலையில் பழவந்தாங்கல் பக்கத்துப் பையன்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணி ரயிலைப் பிடிப்பார். ஐம்பத்து நாலு வயசில் சொந்தக் காசில், தற்செயல் விடுப்புப் போட்டு, கூட்டமைப்பின் டி லைசென்ஸ் வகுப்புக்குப் போனார். இருபத்தைந்து வயசுப் பையன்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினார். அதற்கு மேலே சி, பி, ஏ, புரோ என்று படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் பணம், நாள், வெளியூர்ப் பயணம். தபால் பிரிவு குமாஸ்தா அதில் எத்தனை படி ஏறுவார்?

ஒருநாள் அவரோடு மைதான ஓரத்தில் நின்றேன். எனக்குப் பந்து எங்கே போகிறது என்பதுதான் தெரிந்தது. அவர் பந்தையே பார்க்கவில்லை. 'சார், பந்து வர்றதுக்கு முன்னாடி அந்தப் பையன் தலையைத் திருப்பிப் பாக்கறானா பாருங்க. பாத்தா அவன் ஆட்டக்காரன். பாக்கலைன்னா நான்தான் அவனுக்கு இன்னும் சரியா சொல்லிக் கொடுக்கலை' என்றார். மூன்று பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள், எட்டுப் பேர் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் ஆறாவது பையனும் திரும்ப ஆரம்பித்தான். இந்தக் கண்ணைத்தான் இருபத்தெட்டு வருஷம் தபால் தலையை எண்ண வைத்தார்கள்.

பள்ளிக்கூடங்களையும் சொல்லாமல் விட முடியாது. 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆரம்பம். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு எத்தனை முறை தெருவுக்கு வந்தார்கள் என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அரசுகள் மாறின, அடைப்புக்குறி மாறவில்லை. ரஹீம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்று மேலே சொன்னேன். இன்றைக்கு ஒரு ரஹீம் அரசுப் பள்ளியில் இருந்தால், வாரத்தில் மூன்று அரை நாள் வேலை பார்த்துவிட்டு, மீதி நாளில் வயிற்றுப் பாட்டுக்கு வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்.

'பணம் எங்கே சார்?' என்பார்கள். ஸ்டேடியத்துக்குப் புது நாற்காலி போடப் பணம் இருக்கிறது. விளம்பரப் பலகைக்கு, தொடக்க விழாவுக்கு, வாணவேடிக்கைக்குப் பணம் இருக்கிறது. நாற்காலிக்கு டெண்டர் உண்டு. பயிற்சியாளருக்கு டெண்டர் கிடையாதே, அதுதான் சிக்கல்.

குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொல்கிறேன். பணியிடம் உருவாக்குங்கள். பாராட்டு விழா, பொன்னாடை, 'கால்பந்துக்குத் தன் வாழ்க்கையை அர்ப்பணித்த' என்று தொடங்கும் பேச்சு, இவை எதுவும் வேண்டாம். ஊதிய விகிதம், பதவிக்காலம், பயணப்படி, ஓய்வூதியம் என்று வரிசையாக எழுதி ஒரு ஆணை போடுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்கும் ஒவ்வொரு அலுவலகமும், பத்து ஆட்டக்காரருக்கு ஒரு பயிற்சியாளர் பணியிடம் வைக்கட்டும். ஆடி ஓய்ந்தவர்களில் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவருக்கு, லைசென்ஸ் படிப்பைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பில் படிக்க விடட்டும். ஆடத் தெரிந்த எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்க வராது, பெரிய ஆட்டக்காரர் என்பதற்காகவே யாரையும் போட வேண்டாம். பரீட்சை வையுங்கள், மைதானத்தில் நிறுத்திப் பாருங்கள். மாநில அணிக்குச் சந்தோஷ் டிராபி நெருங்கும்போது சில வார முகாமுக்கு ஒருவரைக் கூப்பிட்டு, தோற்றதும் அனுப்பிவிடாமல், நாலு வருஷம் என்று எழுதிக் கொடுங்கள். அந்த நாலு வருஷத்தில் தோற்றாலும் அவர்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சைமன் சுந்தரராஜின் பெயரை இந்த ஊரில் ஒரு மைதானத்துக்கோ ஒரு பயிற்சி முகாமுக்கோ வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வீர்கள். வையுங்கள், தடுக்கவில்லை. ஆனால் பலகையைத் திறந்து வைக்கிற அன்றே, அந்த மைதானத்தின் பயிற்சியாளர் யார், அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதையும் அதே பலகையில் கீழே எழுதுங்கள். சாயங்காலம் மெட்ரோ பிடித்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்ப்பேன். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.